கழிமுக வறட்சிக்கு மழைக்கணக்கு போதாது

ஆசிரியருக்கு,

கழிமுகங்களின் (ஆறு கடலோடு கலக்கும் இடங்களின்) சூழல் வறட்சி, அதாவது நீர்க்குறைவால் அங்குள்ள உயிர்ச்சூழல் கெடுவது, பற்றிய தங்கள் கட்டுரை மழைக் குறைவை மட்டுமே அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மழை நன்றாகப் பெய்தாலும் தண்ணீர் மேலே அணையோடு நின்றுவிட்டால் கழிமுகத்துக்கு வறட்சிதான். அங்கே பார்க்க வேண்டியது உப்பளவு.

மழைக்கென 1993-இல் உருவான தரப்படுத்திய மழைக் குறியீட்டின் (வழக்கமான மழையிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் எண்) கணக்கையே உப்புக்குப் பொருத்தி, கடலோர உப்புக் குறியீட்டை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உதாரணமாக, ஜூன் மாத உப்பளவின் சராசரியைப் பழைய ஜூன் மாதங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். சுழியம் வழக்கமான நிலை. எதிர்மறை எண் வழக்கத்தை மீறிய உப்பு. ஒரு மாதக் கணக்கில் தெரியாத நீண்ட வறட்சி 12 மாதக் கணக்கில் தெரியும்.

கணக்கைவிடக் கருவிதான் அதிகம் ஏமாற்றும். நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பைக் கணிக்கும் மின்கடத்துதிறன் சென்சாரின் துளைக்குள் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) படிந்தால் மின்னோட்டத்தின் பாதை குறுகி, அளவு குறைவாகக் காட்டும். உப்பு ஏறிக்கொண்டிருக்கும், வரைபடமோ மெல்ல இறங்கும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். துடைப்பதற்கு முன்பும் பின்பும் அளவெடுத்து, அந்த வித்தியாசத்தை முந்தைய பராமரிப்பு நாள்வரை படிப்படியாகப் பகிர்ந்து திருத்த வேண்டும். மேல்மட்டத்தில் மட்டும் அளப்பதும் வீண். கனமான உப்புநீர் அடியில்தான் உள்ளே நுழைகிறது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் நீங்க, குறைந்தது 24 மணி 50 நிமிடச் சராசரி தேவை.

புயல் அலையில் கடல்நீர் உள்ளே ஏறினாலும் குறியீடு வறட்சி என்றே சொல்லும். ஆற்றின் நீர்வரத்தோடு ஒத்துப்பார்த்தால்தான் பிடிபடும். உப்பளவு கடலின் அளவான 35-ஐ (கிலோ நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு) தாண்டிவிட்டால் நீர்வரத்தை விட ஆவியாதல் மிகுந்துவிட்டது என்று பொருள். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு செய்தும், உயிர்களுக்கு என்ன ஆனது என்பதைக் குறியீடு சொல்லாது. புளோரிடாவின் அப்பலாச்சிகோலா விரிகுடாவில் 2012-இல் சிப்பிப் படுகைகள் சரிந்தன. மேலே ஜார்ஜியா மாநிலம் எடுத்த தண்ணீரே காரணம் என்று புளோரிடா தொடுத்த வழக்கு 2021-இல் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. புளோரிடாவின் அளவுகடந்த சிப்பி அறுவடையும் அங்கே வாதமானது. சென்சார் நிற்கும் இடத்திலேயே மாதந்தோறும் உயிருள்ள சிப்பி, வெற்று ஓடு, ஓடு துளைக்கும் நத்தை மூன்றையும் தனித்தனியாக எண்ணிப் பதிய வேண்டும்; வறட்சி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கழிமுக நீர்த்தரம் அறிந்த வாசகர்