மெத்தையைத் தைத்தவர்களுக்கும் டேப் பிடித்தவர்களுக்கும்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

உயரம் தாண்டுதலில் தேசியப் பட்டம் வென்ற எங்கள் அக்கா போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பாராட்டு பேனர்களில் பெயர் வராத உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர்களே, தாண்டி விழும் மெத்தையின் ஃபோம் கட்டிகள் விலகினால் அந்தச் சந்தில் குதிகால் சிக்கிக் கணுக்கால் திருகிக்கொள்ளும். பழைய வலையால் எல்லாக் கட்டிகளையும் ஒன்றாக இறுக்கிக் கட்டியது நீங்கள்தான். பருத்தி நூல் உப்புக்காற்றில் இற்றுப்போகும் என்று, உறையின் கிழிசலை வலை ஊசியால் நைலான் நூல் கொண்டு தைத்தீர்கள். தையலுக்குத் தையல் ஒரு முடிச்சு. ஓரிடத்தில் அறுந்தாலும் மீதி பிரியவில்லை.

அடியில் மரச்சட்டம் அடித்துக் கொடுத்த ஆசாரி அண்ணனுக்கும் நன்றி. மழைநீர் ஏறிய ஃபோம் லேசில் காயாது, முதுகைத் தாங்கவும் செய்யாது.

வெல்டிங் பட்டறை அண்ணன் செய்தது சின்ன வேலைபோலத் தெரியும். தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பான பார் உட்காரும் தாங்கி 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அதில் துரு ஏறினால் பார் உரசினாலும் விழாமல் ஒட்டிக்கொள்ளும். பயிற்சியில் தாண்டிய உயரம் போட்டியில் கைவிட்டுவிடும். மாதம் தவறாமல் அதை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினீர்களே!

டேப் பிடித்த தம்பி தங்கைகளே, பாரை நோக்கி அக்கா ஓடிவருவது 10 காலடி. கடைசி 5 வளைவில். தொடக்கக் குறி ஒரு சாண் பிசகினாலும் தாவக் கால் ஊன்றும் இடம் மாறும். பாருக்கு நெருங்கிவிட்டால் ஏறும்போதே தட்டும். தள்ளிப்போனால் இறங்கும்போது இடுப்பு தட்டும். உயரத்தையும் நீங்கள் எப்போதும் பாரின் நடுவில்தான் அளந்தீர்கள். 4 மீட்டர் பார் நடுவில் 2 செ.மீ. வரை தொய்யலாம். உயரம் தாண்டும் வீராங்கனை பாபி அலோசியஸின் 1.91 மீட்டர் தேசிய சாதனையை 2012-இல் சஹானா குமாரி முறியடித்தது 1.92-இல், ஒரே சென்டிமீட்டரில். ஓரத்தில் அளந்திருந்தால் அக்காவுக்குத் தன் உயரமே தெரிந்திருக்காது.

ஊன்றும் காலின் ஸ்பைக்ஸ் ஷூ பக்கவாட்டில் பிளக்கும்போதெல்லாம் ஒட்டி, மேலே தையலும் போட்ட செருப்புக்கடைத் தாத்தாவுக்கும், அந்த நீளமான பாரை ஒரு கீறல் விழாமல் மீன்பாடி வண்டியில் கொண்டுவந்த அண்ணனுக்கும் எங்கள் கும்பிடு.

மெத்தைக்குப் புது உறை வந்திருக்கிறது. ஞாயிறு காலை, கடற்காற்று எழும்புமுன் போட்டுவிடலாம். அக்காவும் வருவார். வலை ஊசியை மறக்காதீர்கள்.

அன்புடன்,
அக்காவிடம் தாண்டப் பழகும் பிள்ளைகள்
வடசென்னை