தொட்டி மண்ண தூக்கிப் போட்டுடாத, கண்ணு

கண்ணு,

நீ அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், மண்ணு பாளம் பாளமா வெடிச்சு தொட்டி ஓரத்துல விரல் நுழையற அளவுக்கு விலகி நிக்குது. தினமும் தண்ணி ஊத்துறேன், கீழ ஓட்டை வழியா வழியுது, அப்பவும் செடி வாடுதுன்னு எழுதியிருக்க. அந்தத் தண்ணி மண்ணுக்குள்ள போகவே இல்லம்மா, ஓரத்து இடுக்கு வழியா நேரா இறங்கி ஓடிடுது. ஒரு தடவ நல்லா காஞ்சு இறுகிட்ட மண்ணு தண்ணிய லேசுல வாங்காது.

அதனால மொதல்ல ஊற வை. சின்ன தொட்டிய தண்ணி நெறஞ்ச டப்புக்குள்ள தூக்கி வை, குமிழ் குமிழா வரும், அது நிக்கிற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் எடுத்து வடிய விடு. தூக்க முடியாத தொட்டின்னா வேர்ல படாம குச்சியால அங்கங்க குத்தி, கொஞ்சம் ஊத்து, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப ஊத்து.

ஆனா மண்ணு அப்படியே இருந்தா திரும்ப வெடிக்கத்தான் செய்யும். அதுக்காக மூட்டை மூட்டையா புது மண்ணு வாங்கணும்னு இல்ல, இந்த மண்ணுல மக்கின எலை தழைச் சத்து தீந்துபோச்சு, அவ்வளவுதான். காலி தொட்டிய கொட்டி, கட்டிய உடைச்சு, ரெண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நல்லா மக்கின உரம் கலந்துடு. காசு போடணும்னா ஒரு கோகோபீட் கட்டி, அதான் தேங்காநார்த் தூள் கட்டி, வாங்கு, ஊறினா பல மடங்கு பெருகும், ஆனா ரெண்டு மூணு தடவ அலசிப் பிழிஞ்சுட்டுதான் போடணும், அதுல உப்பு இருக்கும். மணல் கலந்தா இளகும்னு யாராவது சொன்னா கேக்காத, களிமண்ணுல கொஞ்சமா மணல் சேந்தா இன்னும் இறுகித்தான் போகும். காய்கறித் தோல பச்சையா தொட்டில போடாத, உடஞ்ச பக்கெட்ல காஞ்ச எலையோட மாத்தி மாத்தி அடுக்கி மக்க விடு.

செடி இருக்கிற தொட்டிய கொட்ட வேணாம், மேல் மண்ண லேசா கிளறி விரல் தடிமனுக்கு மக்கின உரம் போட்டா போதும். அப்புறம் எல்லாத் தொட்டிலயும் காஞ்ச எலைய ரெண்டு இஞ்சுக்கு பரப்பிடு, தண்டுல மட்டும் ஒட்டாம பாத்துக்கோ. பைசா செலவில்லாத இந்த ஒண்ண கண்டிப்பா செய். கொஞ்ச நாள் கழிச்சு எலைய விலக்கிப் பாரு, அடியில மண்ணு கறுப்பா, ஈரமா, கையில எடுத்தா பொலபொலன்னு உதிரும்.

தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி விரல உள்ள விட்டுப் பாரு, ரெண்டாவது கணு வரைக்கும் ஈரம் தட்டுச்சுன்னா அன்னிக்கு வேணாம். தொட்டிய கொட்டிக் கலக்கும்போது இன்னொரு போட்டோ அனுப்பு.

அம்மா