வாரன்டிக்கு 3 ஆண்டு, வழக்குக்கு 2 ஆண்டு: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடுக்கக் காரணமான நிகழ்வு, எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். புதுக் காரில் வழக்குமூலம் எழுவது எந்த நாளில்? டெலிவரி எடுத்த அன்றா, முதல் புகார் எழுதிய அன்றா, கடைசி ரிப்பேரும் பலிக்காமல் போன அன்றா? பிரிவு இதைச் சொல்லவில்லை. இருப்பதில் பழைய தேதி எதுவோ அதைத்தான் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொள்வார். வாரன்டியோ பல கார்களுக்கு 3 ஆண்டு, மின்கார் பேட்டரிக்கு 8 ஆண்டு என்று போகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வாரன்டிக் காலத்தில் புகார் செய்த பழுதுக்கு, அந்த 2 ஆண்டை வாரன்டி முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையில், நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். வண்டி உதறும், எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் முறை வந்து, மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பதற்குள் எல்லாம் ஆறியிருக்கும். புகாரையும் செய்த வேலையையும் பதியும் ஜாப் கார்டில் ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதுவார்கள். ஸ்கேனர் மாட்டி, வண்டியின் கணினி பதிந்த பழுதுக் குறியீடான ஃபால்ட் கோடை அழித்தால், பழுது வந்த நேரத்து வேகம், வெப்பநிலை முதலிய பதிவுகளும் அதோடு அழியும். அடுத்த முறை சாஃப்ட்வேர் அப்டேட். அதற்கடுத்த முறை கிளட்ச் செட் மாற்றம். கழற்றிய பாகம் வாரன்டிக் கணக்கில் கம்பெனிக்கே போய்விடும். ஒவ்வொரு முறையும் புது ஜாப் கார்டு, புது வாசகம்: ‘ஜெர்க்’, ‘பிக்கப் குறைவு’, ‘பொதுச் சோதனை’. ஒரே பழுது காகிதத்தில் நான்காகிவிடும், சாட்சியமும் மிஞ்சாது.

இந்த நாட்கள் அத்தனையும் 2 ஆண்டில்தான் கழிகின்றன. மின்னஞ்சலோ வக்கீல் நோட்டீஸோ காலவரம்பை நிறுத்தாது. தங்கள் 1915 உதவி எண்ணில் பதியும் புகாரும் நிறுத்தாது. கூப்பிடுகிறவர்களிடம் அதையாவது சொல்லக்கூடாதா?

தாமத மன்னிப்பு மனு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2 ஆண்டு கடந்த புகாரை ஏற்க ‘போதிய காரணம்’ காட்ட வேண்டும்; எது போதிய காரணம் என்பதை அந்தந்த ஆணையம் முடிவு செய்யும். கம்பெனியை நம்பிக் காத்திருந்தது போதிய காரணமாகும் என்று எவரும் உறுதி தர முடியாது. எதிர்தரப்பு எழுப்பாவிட்டாலும் காலவரம்பை ஆணையமே பார்த்தாக வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு இன்னொரு காலவரம்பும் வைத்திருக்கிறது. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள், புகாரை முடிக்க முயல வேண்டுமாம். வாய்தா மேல் வாய்தா பார்த்தவர்களுக்கு இது நல்ல நகைச்சுவை. நுகர்வோர் தவறினால் கதவு மூடும். ஆணையம் தவறினால் அடுத்த வாய்தா. ‘ஜாகோ கிராஹக் ஜாகோ’ (விழித்தெழு நுகர்வோரே) என்று விளம்பரத்தில் எங்களை எழுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். நாங்கள் விழித்துத்தான் இருக்கிறோம், சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில்.

மோட்டார் வாகன விதிகளில், 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டியைப் பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைக்க வழி இருக்கிறது. உற்பத்திக் குறை 2 ஆண்டுக்குப் பிறகும் வெளிப்படலாம் என்பது அரசுக்கே தெரிந்த விஷயம் என்றுதானே பொருள்?

கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது, பொறுத்தருளுங்கள். கோரிக்கையைப் பணிவோடு மீண்டும் வைக்கிறோம். வாரன்டியில் புகார் செய்த பழுதுக்கு, வாரன்டி முடிந்த நாளிலிருந்தே 2 ஆண்டு ஓடும்படி 69-ஆம் பிரிவைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவர ஆவன செய்யுங்கள். நாடாளுமன்றம் அதை எடுக்கும்வரை, ஜாப் கார்டுக்காவது ஒரு விதி வேண்டும்: புகார் வாடிக்கையாளர் சொன்ன சொற்களிலேயே இருக்க வேண்டும், திரும்ப வந்த பழுதானால் முந்தைய ஜாப் கார்டு எண்ணைக் குறிக்க வேண்டும், வண்டி உள்ளே வந்த, வெளியே போன தேதியும் ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும், ஃபால்ட் கோடை அழிக்குமுன் ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கையில் தர வேண்டும்.

இப்படிக்கு,
கார் வாங்கிய நுகர்வோர் சிலர்