பெருவிரல் மை

அக்கா,

நாளை மச்சானுக்கு முதலாம் ஆண்டுத் திருப்பலி. அவரைக் கொன்றதாக வழக்கில் இருப்பவனுக்கு நான் ஜாமீன் நின்றிருக்கிறேன். அந்த ஜாமீனை வாபஸ் வாங்கிவிட்டு வா, இல்லையென்றால் கோயில் படி ஏறாதே என்று சித்தியிடம் சொல்லி அனுப்பினாய். மூன்று இரவு யோசித்தேன். வாபஸ் வாங்கப் போவதில்லை. போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பாம்பனில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அன்று இரவு கரையில் நடந்ததைப் பற்றி ஒரு வரியும் இதில் இருக்காது. வழக்கு நடக்கிறது, நீ சாட்சி. அவன் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

எனக்கு ஜாமீன் நின்றுவிட்டு வந்த சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. நாட்டுப்படகில் வந்த காரலை வாங்கிக் குழம்பு வைத்திருந்தாய். சாப்பிடும்போது இடது கையால் செம்பை எடுத்தேன். பெருவிரலில் மை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் ரேகைக்குள் கிடந்தது போகவில்லை. "எதுக்குடா கைநாட்டு?" என்று கேட்டாய். "சங்கத்தில் கடன்" என்றேன். நீ எழுந்து போய் அரிசிப் பானைக்குள்ளிருந்து 2,000 ரூபாயை எடுத்து வந்து என் சட்டைப்பையில் திணித்தாய். ஜாமீனுக்குக் காட்டிய வீட்டு வரி ரசீது அந்தப் பைக்குள்தான் மடித்துக் கிடந்தது.

அந்தப் பொய்க்கு மன்னித்துவிடு அக்கா. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்ட கை அது. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டதால் போடாவிட்டால் கேட்டதும் கிடைத்திருக்கும் ஜாமீன் அவனுக்குக் கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் செஷன்ஸ் நீதிமன்றமும் மறுத்துவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் கொடுத்தது. ஓடிவிடுவானா, சாட்சிகளைக் கலைப்பானா என்று பார்த்துக் கொடுத்தார்களே தவிர, நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. மதுரையிலேயே தங்கித் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். உத்தரவு வந்த பிறகும் 19 நாள் உள்ளேயே கிடந்தான். தாய்மாமன் ஒருவர் வந்தார், இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. அவன் அம்மா உத்தரவு நகலைப் பாலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். உன் தெருவை மட்டும் சுற்றிப் போனாள்.

மச்சானை 25,000 ரூபாய்க்கு விற்றுவிட்டான் என்று ஏலக்கூடத்தில் வைத்துச் சொன்னாயாம். எத்தனை பேர் கேட்க! அது நான் வாங்கிய பணமில்லை, அவன் வாய்தாவுக்கு வராமல் போனால் நான் கட்ட வேண்டிய பணம். உனக்கா இது தெரியாது? எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மச்சானின் காவலை இலங்கையில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் நீட்டித்துக்கொண்டே போனபோது, தீர்ப்பே சொல்லாமல் ஒரு மனிதனை எத்தனை நாள் அடைத்து வைப்பார்கள் என்று இதே கரையில் நின்று கத்தியவள் நீ. எல்லை தாண்டுவதும் கொலையும் ஒன்றல்ல. ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து எழுதியதற்கே நீ என்னைச் சபிப்பாய். ஆனாலும் பாலித்தீன் பையோடு அவள் என் வாசலில் நின்றபோது எனக்கு உன் குரல்தான் கேட்டது.

வாபஸ் வாங்குவது பெரிய வேலையில்லை. மாஜிஸ்திரேட்டிடம் ஒரு மனு போதும். அவனுக்கு வாரண்ட் போகும், வேறு ஆள் நிற்காவிட்டால் மறுபடி சிறை. அவன் ஒரு நாள் கையெழுத்துத் தவறட்டும், பாம்பன் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வரட்டும், ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட நானே உன்னை வண்டி வைத்துக் கூட்டிப் போகிறேன். இதுவரை அவன் தவறவில்லை. தவறாதவனை நீ கேட்கிறாய் என்பதற்காக உள்ளே தள்ள என் கை வரவில்லை.

நாளை கோயிலுக்குள் வரமாட்டேன். மதிலுக்கு வெளியே, கடல் பக்கம் நிற்பேன். அந்த 2,000 ரூபாய் செலவழிக்காமல் அப்படியே இருக்கிறது. பூசை முடிந்ததும் சின்னவனை ஒரு நிமிடம் என்னிடம் அனுப்பு, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் தம்பி