கைவிடு, காட்டிக்கொடு, கிவ் அப்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை நினைத்து இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதே, உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ‘2019-இல் கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன்’ என்று நீ சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் பதறிப்போய், ‘அடடா, அப்புறம் உடம்பு சரியாகிவிட்டதா?’ என்று கேட்டாராமே! அவர் மேல் தப்பில்லை. நமக்கு அது படிப்பை முடித்து வெளியே வந்தது. அவர் காதில் அது மயங்கி விழுந்தது. நல்லவேளை, ‘பாஸ் அவே’ என்று சொல்லித் தொலைக்கவில்லை. உயிரோடு உட்கார்ந்துகொண்டே உன் சாவைச் சொன்னவனாகியிருப்பாய்.

அதற்கப்புறம் நீ சொன்னதுதான் மனதில் நின்றது. ‘பெரிய பெரிய வார்த்தையெல்லாம் புரிகிறதம்மா. இந்த கெட், புட், டேக்கோடு ஒரு துண்டுச் சொல் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் முழிக்கிறேன்’ என்றாய். இதைப் போனில் பேசினால் பாதியிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். மேலதிகாரி ஒரு ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அட்டையில் பென்சிலால் ஒரு வரி: ‘ப்ளீஸ் லுக் ஓவர் திஸ்.’ எனக்கு ‘ஓவர்லுக்’ தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. அதைத்தான் அவசரத்தில் முன்பின்னாக எழுதியிருக்கிறார், ஏதோ முடிந்துபோன கணக்கு போலிருக்கிறது என்று நினைத்து, ஃபைலை அடுக்கின் அடியில் செருகி வைத்தேன். நான்காம் நாள் வந்து, ‘பார்த்தாயிற்றா?’ என்று கேட்டார். ‘நீங்கள் சொன்னபடியே தொடக்கூட இல்லை சார்’ என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ‘லுக் ஓவர்’ என்றால் முழுக்க ஒருமுறை பார்த்துவிடு என்று பொருளாம். அதே இரண்டு சொல்லை இடம் மாற்றி ஒட்டினால் பார்க்காமல் விடுவது. ‘செட் அப்’ என்றால் நிறுவுவது, ‘அப்செட்’ என்றால் கவிழ்ப்பது. ‘டேக் ஓவர்’ பொறுப்பை எடுத்துக்கொள்வது, ‘ஓவர்டேக்’ முந்திப் போவது. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

‘வாங்கிக் கட்டிக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறேனே, அதைக் கொஞ்சம் நின்று பார். நான் என்ன வாங்கினேன்? எதைக் கட்டினேன்? ஒன்றுமில்லை, திட்டு வாங்கினேன். தமிழ் கற்க வருகிற ஒருவர் வாங்கு, கட்டு, கொள் என்று மூன்றையும் அகராதியில் தேடி எடுத்தாலும் அவருக்கு அது விளங்காது. ‘கொடு’வை எடுத்துக்கொள். சொல்லிக்கொடுத்தால் பாடம். விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை. காட்டிக்கொடுத்தால் துரோகம். போட்டுக்கொடுத்தால் கோள். ‘வண்டி போய்ச் சேர்ந்தது’ என்றால் நிம்மதி, ‘பெரியவர் போய்ச் சேர்ந்தார்’ என்றால் சாவு. இதில் ஒன்றையாவது நான் உனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்கிறேனா? நீயாகத்தானே பிடித்துக்கொண்டாய்? ஆங்கிலக்காரர்கள் வீட்டில் நடப்பதும் இதுவேதான். நாம் வினைக்குப் பின்னால் விடு, கொள், கொடு, போ என்று இன்னொரு வினையை மாட்டுகிறோம். அவர்கள் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று திசை காட்டுகிற சொல்லை மாட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சில இடங்களில் இரண்டும் ஆச்சரியமாக ஒத்துப்போகும். ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால்? ஆகாயத்தைப் பார்த்துச் சாப்பிடு என்றா? மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் முழுக்கத் தீர்த்துவிடு. இந்த மாதிரி இடங்களில் அவர்களுடைய ‘அப்’ நம்முடைய ‘விடு’. ‘ரீட் ஆன்’, ‘கேரி ஆன்’ என்று வருகிற ‘ஆன்’ நம்முடைய ‘கொண்டே இரு’. எல்லா ‘அப்’புக்கும் இது பொருந்தாது. ‘ஷோ அப்’ என்றால் வந்து தலைகாட்டுவது, ‘மேக் அப்’ என்றால் இல்லாததைக் கட்டிச் சொல்வதும் ஆகும், சண்டை போட்டவர்கள் சமாதானமாவதும் ஆகும். இருந்தாலும் ஒரு பிடி கிடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ‘கிவ் அப்’புக்கு ‘கைவிடு’ எவ்வளவு அழகாக உட்காருகிறது, பார்!

என்னை ரொம்ப நாள் படுத்தியது ‘கோ ஆஃப்’. அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அடிக்கிறது. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைகிறது. வெடிகுண்டு வெடிக்கிறது. பால் திரிகிறது. ஒரே சொல்லுக்கு அடிக்கவும் பொருள், அணையவும் பொருள் என்றால் எப்படி? கடைசியில் நான் இப்படிப் பிடித்துக்கொண்டேன், இலக்கணக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களோ இல்லையோ: ஒரு பொருள் தான் இருந்த நிலையை விட்டுப் போகிறது. அலாரம் சும்மா இருந்த நிலையை விட்டது, விளக்கு எரிந்த நிலையை விட்டது, பால் நல்ல நிலையை விட்டது. நாமும் ‘அணைந்துபோச்சு’, ‘கெட்டுப்போச்சு’ என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் ‘போ’தான் நிற்கிறது.

உனக்குப் பெரிய வார்த்தை சுலபமாகவும் சின்ன வார்த்தை கஷ்டமாகவும் இருப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1066-இல் பிரெஞ்சு பேசுகிற நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. வீட்டிலும் வயலிலும் ஜனங்கள் தங்கள் பழைய ஆங்கிலத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்த பிரெஞ்சுச் சொற்களோடு, பின்னாளில் படித்தவர்கள் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களும் சேர்ந்து, ஒரே வேலைக்கு இரண்டு சொல் தங்கிவிட்டது. தள்ளிப்போடுவதற்குக் காகிதத்தில் ‘போஸ்ட்போன்’, வாயில் ‘புட் ஆஃப்’. பொறுத்துப்போவதற்கு ‘டாலரேட்’, ‘புட் அப் வித்’. விசாரிப்பதற்கு ‘இன்வெஸ்டிகேட்’, ‘லுக் இன்டு’. நீ ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து படித்தவன், ஆகவே காகிதத்துச் சொல் உன்னிடம் நிறைய இருக்கிறது. வாய்ச் சொல்தான் குறைவு. இரண்டும் இருக்கட்டும். ஆனால் மெழுகுவத்தியை அணைக்கச் சொல்லும்போது ‘எக்ஸ்டிங்க்விஷ்’ என்று சொல்லாதே, அறிவிப்புப் பலகை பேசுவது போலிருக்கும். ‘புட் இட் அவுட்’ போதும்.

நீ ஒருத்தன்தான் தடுமாறுகிறாய் என்றும் நினைக்காதே. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இந்தச் சேர்க்கைதான் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று எழுதிவிட்டார். எடுத்துக்காட்டாக அவர் கொடுத்த பட்டியலில் ‘டேக் ஆஃப்’பும் உண்டு. பொருள் என்ன தெரியுமா? ஒன்றைப் பார்த்து அப்படியே நகலெடுப்பது. விமானம் ஏது அப்போது? இந்தச் சேர்க்கைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரே ரொம்பப் பின்னால் வந்தது. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் நூலில் அதை எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி எடுத்துக்கொடுத்த பெயர் அது.

இப்போது உன் வேலைக்கு உதவுகிற இரண்டொரு விஷயம். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற குட்டிச் சொல் வந்தால் அதை நடுவில் வை. ‘டர்ன் ஆஃப் தி லைட்’ சரி, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ சரி, ‘டர்ன் இட் ஆஃப்’ சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பு. ஆனால் எல்லாமே இப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதைப் பிளந்து ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்றால் யாருக்கும் புரியாது. அப்புறம் காது. ‘லுக் அட் ஹிம்’ என்னும்போது ‘அட்’ காதில் விழுவதே இல்லை, ஓடிவிடும். ‘ஐ கிவ் அப்’ என்னும்போது ‘அப்’பில்தான் அழுத்தம். சின்னச் சொல்லைப் போய் ஒருவர் அழுத்திச் சொல்கிறாரென்றால், அங்கே ஏதோ சேர்க்கை இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொள். இன்னொன்று, நீ எனக்குக் காட்டிய கடிதத்தில் ‘லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று இருந்தது. ‘மீட்டிங் யூ’ என்று திருத்து.

கெட் அப், கெட் இன், கெட் ஓவர், கெட் பை என்று நாற்பது வரிப் பட்டியலை வாங்கி மனப்பாடம் மட்டும் பண்ணாதே. நான் பண்ணிப் பார்த்தேன். ஒரே வினையின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கினால் ஒரே சாயலில் இருக்கிற அண்ணன் தம்பிகளை வரிசையாக நிறுத்தியது போல ஒன்றோடொன்று குழம்பித்தான் போகும். அந்த ஃபைல் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், முழு வாக்கியம் என்ன, அவ்வளவுதான் எழுதுவேன். பொருளைத் தமிழில் எழுதுவேன், ஆனால் மறுநாள்தான். ஒரு நாள் தள்ளி எழுதினால், புரிந்ததா, புரிந்தது போல இருந்ததா என்று தெரிந்துவிடும். ‘டர்ன் டவுன்’ என்றால் மறுத்துவிடுவது என்பது எனக்கு இன்றைக்கும் மறக்காது, ஏனென்றால் அது என் சம்பள உயர்வு மனுவைப் பற்றிச் சொன்ன வாக்கியம். படிவத்தை ‘ஃபில் இன்’ பண்ணினாலும் ‘ஃபில் அவுட்’ பண்ணினாலும் ஒன்றுதான் என்பதையும் அந்த நோட்டில்தான் எழுதினேன், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு. உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிற மொழியோடு என்ன செய்வது?

நோட்டு இன்னும் இருக்கிறது. நேற்று புரட்டினேன். ‘பிரிங் அப்’ என்று ஒரு பக்கத்தில் மூன்று வரி: ஒரு பேச்சை எடுப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, பிள்ளையை வளர்ப்பது. உன்னைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு ‘ஹேங் ஆன் அம்மா’ என்றாய். காத்திரு என்று பொருள், நோட்டில் இருக்கிறது. பதினோரு நிமிஷம் காத்திருந்தேன். பின்னால் யாரோ சிரிப்பதெல்லாம் கேட்டது. அப்புறம் நீயே மறந்துபோய் ‘ஹேங் அப்’ பண்ணிவிட்டாய். இந்த வாரமாவது பேச்சை முடித்துவிட்டு வை.

அன்புடன்,
அம்மா