பெயரை நிறுத்தியது யார், ஐயா?

மதிப்புக்குரிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கும், டாட் இன் (.in) என்று முடியும் இணையப் பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் நிக்சி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். சென்னிமலைப் பக்கம் 14 தறிகள் சேர்ந்த சிறு குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். டொமைன் என்பது ஓர் இணையதளத்தின் பெயர், அதைப் பதிந்து விற்கிறவர் ரிஜிஸ்ட்ரார் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த தீபாவளிக்கு 12 நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் இணையதளம் காணாமல் போனது. கூடவே மின்னஞ்சலும். நாங்கள் நெய்யும் ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும் அந்த டாட் இன் முகவரியைத்தான் லேபிளில் போட்டுத் தைத்திருக்கிறோம். கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "என்னங்க, தொழிலை மூடிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

காரணம் இனிஷியல். எங்களுக்குப் பெயரை விற்ற நிறுவனம் (யாரென்று சொல்லப்போவதில்லை, சண்டை அதுவல்ல) கேஒய்சி, அதாவது ஆளை உறுதிசெய்யும் ஆவணங்கள், கேட்டிருக்கிறது. எங்கள் தலைவரின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. பான் அட்டையில் அவருடைய அப்பாவின் முழுப்பெயர் பின்னால் நிற்கிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான். கணினி இரண்டு ஆட்கள் என்று முடிவுகட்டி, பெயரை நிறுத்திவிட்டது. சரி, திருத்திக் கொடுக்கலாம் என்றால் ஓடிபி வர வேண்டும். எங்கே வரும்? பதிவு செய்த மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சல் எந்தப் பெயரில் இயங்கியது? நிறுத்தப்பட்ட அதே பெயரில். பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு, வாசலில் நிற்பவனிடம் "சாவியைக் காட்டு, திறக்கிறேன்" என்கிற கதை.

ஒன்பது நாள். டிக்கெட் நம்பர், அதாவது புகார் எண், மட்டும் நான்கு வாங்கினேன். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்றார்கள். எந்த மேலிடம், எந்த விதி, என்ன தேதி என்று எழுத்தில் கேட்டேன், பதிலே இல்லை. உண்மையிலேயே உத்தரவு இருந்ததா, பேச்சுக்குச் சொன்னார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் பெயர் தானாக வந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது யார் ஐயா போர்வை ஆர்டர் கொடுப்பார்கள்?

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பெயரை நிறுத்துவதற்கு முன் உரியவருக்குச் சொல்லுங்கள். நிறுத்திய பின் நிறுத்தியது யார் என்று எழுத்தில் கொடுங்கள்.

இதை நான் வெளியில் சொன்னதும் இரண்டு அணி கிளம்பியது. "தனியாரிடம் விட்டால் இப்படித்தான், முழுக்க அரசே நடத்த வேண்டும்" என்றது ஓர் அணி. "அரசு கைவைத்தால் இப்படித்தான், முழுக்கத் தனியாருக்குக் கொடுக்க வேண்டும்" என்றது இன்னொன்று. இரண்டு பக்கமும் சேர்ந்து என் ஒன்பது நாளை மறந்துவிட்டன.

அரசு சார்ந்த கை மட்டுமே இருந்த காலம் ஒன்று இருந்ததே. 1989 முதல் டாட் இன் நம்முடையது. மும்பையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைப் பார்த்துக்கொண்டது. கட்டுப்பாடு பலமாக இருந்தது. 1992 முதல் 2004 வரை இத்தனை பெரிய நாட்டில் பதிவான பெயர்கள் சுமார் 7,000. 2003இல் நிக்சி வந்து, 2005இல் கதவைத் திறந்து, விற்பனையைத் தனியார் ரிஜிஸ்ட்ரார்களிடம் விட்ட பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. அந்த நன்றி இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து இதில் எத்தனை கை? மேலே அமைச்சகம். அதன் கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாக நிக்சி. பின்னணியில் இயந்திரங்களை ஓட்டியது முதலில் அஃபிலியாஸ், பிறகு நியூஸ்டார். நியூஸ்டாரின் அந்தத் தொழிலை 2020இல் கோடாடி வாங்கியது. எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள். கடைசியில் எங்களிடம் பணம் வாங்குகிற ரிஜிஸ்ட்ரார். இத்தனை பேர் இருந்தும் "நிறுத்தியது நான்தான்" என்று சொல்ல ஆள் இல்லை. அரசா தனியாரா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: இப்போது இருப்பது இரண்டும்தான், பதில் சொல்லத்தான் இரண்டுமே இல்லை.

வெளியூர்க் கதைகளும் அப்படித்தான் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 2002இல் அரசு சட்டம் போட்டு அந்நாட்டு இணையப் பெயர்களைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, அதுவரை அதைக் கவனித்துவந்த மைக் லாரி, பெயர்களின் மூலக் கோப்பையே நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். அரசை நம்பாத தனி மனிதர்! அந்தப் பக்கம் டாட் ஆர்க் (.org). லாப நோக்கமில்லாத அமைப்புகள் நம்பி வாங்கிய பெயர்கள் அவை. அதை நடத்திய அமைப்பை 113.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுக்க 2019இல் பேரம் முடிந்தது; ஊர் கூடிச் சத்தம் போட்ட பிறகு, 2020 ஏப்ரலில், உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அதைத் தடுத்தது. ஆக, அரசு என்றாலும் பயம், தனியார் என்றாலும் பயம்.

இணையத்தின் ஆரம்ப காலத்தில் பெயர் ஒதுக்கீட்டைக் கவனித்த ஜான் போஸ்டல் 1994இல் எழுதிய விதிக்குறிப்பு இன்றும் இருக்கிறது. ஒரு நாட்டின் பெயரை நிர்வகிப்பவர் அதற்கு உரிமையாளர் அல்ல, அறங்காவலர் என்கிறது அது. அறங்காவலர் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். கோயிலை அரசு நடத்துவதா, தனியார் நடத்துவதா என்று இங்கே தீராத வழக்கு. மலையேறி வருகிறவருக்கு நடை திறந்திருக்க வேண்டும். சாத்தியிருந்தால் ஏன், எப்போது திறக்கும் என்று வாசலில் ஒரு பலகை இருக்க வேண்டும். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று ஒரு முகவரி கொடுத்திருக்கிறீர்கள். பெருமைதான், நாங்களும் ஒன்று வாங்கினோம். அந்த முகவரியில் வைத்த மின்னஞ்சலை ஒரு விண்ணப்பப் படிவத்தில் போட்டேன். "சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்" என்று சிவப்பு எழுத்தில், அழகான தமிழில் திட்டியது. தமிழில் பேர் வைக்கலாம், தமிழில் திட்டு வாங்கலாம், தமிழில் கடிதம் மட்டும் வாங்கக் கூடாது போலிருக்கிறது. சரி, அது வேறு கதை. அதற்கு இன்னொரு மடல் எழுதுகிறேன்.

மோசடி செய்கிற பெயர்களை உடனே முடக்கத்தான் வேண்டும். வங்கியின் பெயரில் பொய்த் தளம் நடத்துகிறவனுக்கு யாரும் அவகாசம் கேட்கவில்லை. ஆனால் இனிஷியல் மாறியதும் கள்ளத்தனமும் ஒன்றா? ஆவணக் குறை என்றால் 30 நாள் கொடுங்கள். அந்தப் பெயரிலேயே இயங்கும் மின்னஞ்சலை மட்டும் நம்பாமல், தொலைபேசியிலோ தபாலிலோ ஒருமுறை சொல்லுங்கள். நிறுத்தினால், நிறுத்தியது அமைச்சகமா, நிக்சியா, விற்ற நிறுவனமா என்று ஒரு வரியில், தேதியோடு, கையெழுத்தோடு கொடுங்கள். நிக்சியிடம் அங்கீகாரம் பெற்றுத்தான் ரிஜிஸ்ட்ரார்கள் பெயர்களை விற்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க உங்களால் முடியும். முன்னால் சொல்லுங்கள், பின்னால் எழுத்தில் கொடுங்கள். இவ்வளவுதான்.

கோபத்தில் எழுதத் தொடங்கினேன். ஏதேனும் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தயவுசெய்து இதைப் பரிசீலித்து ஒரு பதில் அனுப்பிவையுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், தபாலிலேயே அனுப்புங்கள். எங்கள் தபால்காரர் இனிஷியல் மாறியிருந்தாலும் தறிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
14 தறிகளின் கணக்கர்