பாங்கி உலையில் கற்றது மின்நிலையத்துக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் அணுமின் நிலையம் வந்தால், பாங்கி ஆய்வு உலையில் பயிற்சி பெற்றவர்கள் நேராகக் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்காரலாம் என்று தங்கள் வேலை வழிகாட்டிப் பகுதியில் எழுதியிருந்தது. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகள் நம்பிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

1982 முதல் இயங்கும் பாங்கி உலையின் (டிரிகா என்ற ஆய்வு உலை வகை) வெப்பத் திறன் 1 மெகாவாட். நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோலைக் கொஞ்சம் உயர்த்துவது, நியூட்ரான் எண்ணிக்கை நிலைக்கும்வரை பொறுத்திருப்பது, அந்த எண்ணிக்கையின் தலைகீழ் மதிப்பை வரைபடத்தில் குறித்து, தொடர்வினை எந்த உயரத்தில் தன்னைத் தானே தாங்கும் என்று முன்பே கணிப்பது: இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. ஆனால் அது பிழை பொறுக்கும் உலை. எரிபொருள் சூடேறினால் திறன் உடனே தானாக இறங்கிவிடும். அணைத்தபின் மிஞ்சும் வெப்பத்தைத் தொட்டித் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். 3,000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள மின் உலையிலோ, அணைத்த கணத்தில் ஏறக்குறைய 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்தும் 40ஐ ஒட்டி நிற்கும். அந்த வெப்பத்தை வெளியேற்றுவதுதான் கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்கும் இயக்குநரின் பெரிய வேலை. பாங்கியில் பிரஷரைசரும் (குளிர்நீரின் அழுத்தத்தைக் காக்கும் கலன்) இல்லை, டர்பைனும் இல்லை.

1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் நடந்ததைப் பாருங்கள். பிரஷரைசரின் மேல் உள்ள வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதன் வழியே குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகை விளக்கு காட்டியதோ ‘மூடு’ என்ற கட்டளை போனதை மட்டும். வால்வு மூடியதா என்பதை அல்ல. பிரஷரைசரில் நீர்மட்டம் ஏறியதைக் கண்டவர்கள், தண்ணீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. ஒரே மானியை நம்பாதே, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துப் படி என்று இன்று சிமுலேட்டரில் (கட்டுப்பாட்டு அறையைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவி) திரும்பத் திரும்பப் பழக்குவது இதனால்தான்.

பேச்சுக்கும் பயிற்சி உண்டு. ‘இரண்டாம் பம்பை நிறுத்து’ என்று மேற்பார்வையாளர் சொன்னால் இயக்குநர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘சரி’ என்ற பிறகே கை சுவிட்சுக்குப் போகலாம். (மாமாக் கடையில் நம் ஆர்டரைத் திருப்பிச் சொல்பவரிடம் தே ஓ (பாலில்லாத் தேநீர்) தவறுவதில்லை.)

உரிமம் குறிப்பிட்ட நிலையத்துக்கே உரியது. சிமுலேட்டரும் அந்த நிலையத்தின் பலகையை அப்படியே நகலெடுத்தது. அமெரிக்க விதிப்படி இயக்குநருக்கான எழுத்துத் தேர்வில் 75 கேள்விகள்; தேற 80 விழுக்காடு வேண்டும். செய்முறைத் தேர்வு தனி. ஆயத்தத்துக்கே ஒன்றரை, இரண்டு ஆண்டு போய்விடும். 6 ஆண்டு உரிமம் கையில் இருந்தாலும் ஆண்டுதோறும் சிமுலேட்டர் சோதனை, 2 ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை. பட்டம் கட்டாயம் என்று தாங்கள் எழுதியதும் அங்கே பொருந்தாது; அடிப்படை இயக்குநர் நிலைக்குப் பள்ளிச் சான்றிதழே போதும். இரவு ஷிப்ட்டில் விழித்திருக்கும் உடம்பு மட்டும் கட்டாயம்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்